வழிவிட்ட விமானி மீது நாங்கள் சொன்ன சாட்சி

அனுப்புநர்:
திருமதி சு. லூர்துமேரி, மீன் வியாபாரம்,
(கணவர்: திரு. சுப்பராயன், பைபர் படகு உரிமையாளர்)
நடுமணல் குப்பம், சாந்தோம், சென்னை.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
வான்வழிப் பாதுகாப்பு மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: சாந்தோம் கடல்மேல் ஹெலிகாப்டரும் பயிற்சி விமானமும் மோதிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியது – எங்கள் குப்பத்தார் அளித்த சாட்சியத்தைத் திருத்திப் பதிவு செய்யவும், விமானி செல்வி நீரஜா மீதான தடையை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாசி மாதம் தங்கள் அலுவலர்கள் இருவர் எங்கள் மீன் ஏலக் கொட்டகையில் எடுத்த வாக்குமூலங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் பெயர் அரசு அலுவலகங்களுக்குப் புதிதல்ல. தண்ணீர் லாரி வராததற்கும், லூப் ரோட்டில் தெருவிளக்கு எரியாததற்கும், மழைநீர்க் கால்வாயில் அடைப்பு எடுக்காததற்கும் மனு எழுதியிருக்கிறேன். மாநகராட்சி வட்ட அலுவலகத்தில் என்னை ‘மனு மேரி’ என்று அழைப்பதாகக் கேள்வி. எனக்கு அதில் வருத்தம் இல்லை; சில மனுக்களுக்கு விளக்கு எரிந்திருக்கிறது. அவை எல்லாம் மற்றவர்கள் செய்யாமல் விட்டதைச் செய்யச் சொல்லி எழுதியவை. இந்த மனு நாங்கள் செய்துவிட்டதை மாற்றக் கேட்டு எழுதுவது. எழுதக் கை கூசுகிறது. ஆயினும், வருகிற ஆடி மாதம் செல்வி நீரஜாவின் உரிமம் குறித்து இறுதி விசாரணை நடக்க இருப்பதை அறிந்ததால், இனியும் தள்ளிப்போட மனம் வராமல் எழுதுகிறேன்.

1. சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு காலை நேரம். என் கணவர் சுப்பராயனும், அவருடைய தங்கை கணவர் டில்லிபாபுவும் எங்கள் படகில், கரையிலிருந்து பார்த்தால் ஆள் தெரியும் தூரத்தில், வலை விட்டிருந்தார்கள். எங்கள் குப்பத்துப் படகுகள் இன்னும் இரண்டு பக்கத்தில் இருந்தன. நான் மீனுக்காகக் கூடையுடன் கரையில் நின்றிருந்தேன். தெற்கே அடையாற்று முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஒரு சிறிய விமானம், கரையை ஒட்டிக் கடல்மேல், கலங்கரை விளக்கத்தை நோக்கி வந்தது. அதே வேளையில் பட்டினப்பாக்கத்துக் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெலிகாப்டர் எழும்பிக் கடலை நோக்கி நேராக ஏறியது. யாரோ வசதியானவர் வீட்டுத் திருமணத்துக்கு வந்த விருந்தினருக்குக் கடற்கரையைச் சுற்றிக் காட்ட வந்த தனியார் ஹெலிகாப்டர் அது என்று பின்னால் தெரிந்தது.

இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன என்பது வானத்தைப் பற்றி ஒன்றும் அறியாத எனக்கே புரிந்தது. ஹெலிகாப்டர் கொஞ்சமும் வளையவில்லை. கடைசி நேரத்தில் சிறிய விமானம் வலப்பக்கம் சாய்ந்து, சட்டென்று கீழிறங்கி, எங்கள் படகுகளுக்கு மேலே தாழப் பறந்து, பிறகு எழும்பிப் போயிற்று. நான் கூடையைப் போட்டுவிட்டு மாதாவைக் கூப்பிட்டேன். டில்லிபாபு படகுக்குள் குப்புற விழுந்ததில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு கடலில் போய்விட்டது. வேறு சேதம் இல்லை. என் கண்ணும், படகில் இருந்தவர்கள் கண்ணும் பார்த்தது இவ்வளவுதான். தங்கள் அலுவலர்களிடம் நாங்கள் இவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

2. நாங்கள் ஏன் நிறுத்தவில்லை என்பதைத் தாங்கள் விளங்கிக்கொள்ள, எங்கள் குப்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருளவும்.

கடலில் இரண்டு படகுகள் நெருங்கிவிட்டால், வலை விட்டிருக்கும் படகு திரும்பாது. திரும்பினால் வலை மோட்டாரில் மாட்டி அறுந்துபோகும். வலை இல்லாத படகுதான் விலகிப் போக வேண்டும். அது தூரத்திலேயே பார்த்து விலகியிருக்க வேண்டும். அவ்வளவு கிட்டே வந்ததே தப்பு. ஆகவே இப்படி ஒரு வழக்கு ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்தால் கேட்கிற முதல் கேள்வி, ‘யாருப்பா வளைஞ்சது?’ என்பதுதான். வளைந்தவன் தலையைக் குனிந்துகொள்வான். பிறகு அவன் எதிராளியின் வீடு தேடிப் போய், ஆள் நலமா என்று கேட்டு, ஏதாவது சேதம் இருந்தால் அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்து, வெற்றிலை பாக்குத் தட்டை வைக்க வேண்டும். எதிராளி ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டால் விஷயம் அதோடு தீர்ந்தது. அதன்பின் யாரும் அதைப் பேசக்கூடாது. இந்த வழக்கத்தால் எங்கள் குப்பத்தில் எத்தனையோ சண்டை போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் முடிந்திருக்கிறது. அதை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். கடலுக்கான வழக்கத்தைத் தூக்கி வானத்தில் வைத்தது எங்கள் புத்தி.

3. சம்பவத்துக்கு மறுநாள் ஒரு ஆட்டோவில் செல்வி நீரஜா எங்கள் குப்பத்துக்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்ன விமானத்தை ஓட்டியவர் தாம்தான் என்றும், ஒரு மாணவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். ‘நேத்து உங்க படகு மேல ரொம்பத் தாழ வந்துட்டேன். யாருக்கும் அடி படலியே? மன்னிச்சுக்கோங்கோ’ என்று கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டது எங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்ததற்கு. ஹெலிகாப்டரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இந்த வேறுபாடு அன்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

டில்லிபாபு விளையாட்டாக, ‘ஆளுக்கு ஒண்ணும் இல்லம்மா, தூக்கு தான் பூடுச்சு. உள்ள சுடச்சுட காணாங்கத்த கொழம்பு’ என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, என் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார். இரண்டொரு நாளில் புது எவர்சில்வர் தூக்கு ஒன்றை வாங்கி வந்து டில்லிபாபு கையில் கொடுத்தார்.

வளைந்தது அவர், வீடு தேடி வந்தது அவர், சேதத்துக்கு ஈடு கொடுத்ததும் அவர். எங்கள் வழக்கப்படி குற்றவாளி செய்ய வேண்டிய அத்தனையையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவிட்டார். வெற்றிலை மட்டும்தான் பாக்கி. படித்த பெண்ணுக்கு இவ்வளவு பணிவா என்று குப்பமே மெச்சியது. ஒரு குற்றமும் செய்யாதவரை நாங்கள் மனதார மன்னித்தோம் ஐயா.

4. மாசி மாதம் தங்கள் அலுவலர்கள் இருவர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மீன் வாடையைப் பொறுத்துக்கொண்டு ஏலக் கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. யார் மீது தவறு என்று நினைக்கிறீர்கள் என அவர்கள் கேட்டபோது என் கணவர் சொன்ன சொல்லை, நான் பக்கத்தில் இருந்து கேட்டபடியே, மாற்றாமல் கீழே எழுதுகிறேன்:

‘சின்னது தான் சார் வளைஞ்சுது. பெருசு நேரா போய்க்கினு இருந்துச்சு. தப்பு சின்னது மேல தான். ஆனா அந்தப் பொண்ணு தானா வந்து மன்னிப்பு கேட்டுச்சு சார், தூக்கு கூட வாங்கிக் குடுத்துச்சு. நாங்க அத்த மன்னிச்சி உட்டுட்டோம். நீங்களும் உட்டுடுங்க.’

மற்ற படகுக்காரர்களும் அதையே சொன்னார்கள். நானும் என் பங்குக்கு, ‘தங்கமான பொண்ணு சார்’ என்று சேர்த்தேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு எங்களுக்கு. அன்று என் கணவர் கொட்டகையிலிருந்து வந்த நடையே தனி. பஞ்சாயத்தில் நல்ல தீர்ப்புச் சொன்னவர் போல வந்தார்.

5. வைகாசியில் ஒரு மத்தியானம். லூப் ரோட்டு மீன் சந்தையில் என் கடைக்கு முன்னால் ஒரு அம்மாள் வந்து நின்றார். மீன் வாங்க வருகிறவர் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும். இவர் அப்படி நிற்கவில்லை. செருப்பைச் சுற்றி மீன் கழுவிய தண்ணீர் ஓடியதைக்கூட அவர் பார்க்கவில்லை. தம் பெயர் ஸ்ரீரஞ்சனி என்றும், மந்தைவெளியில் குடியிருப்பதாகவும், நீரஜாவின் தாயார் என்றும் சொன்னார். மகளுக்குத் தெரியாமல் வந்திருந்தார்.

‘என் பொண்ணு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினா? மாசக்கணக்கா வேலை இல்லாம ஆத்துல உக்காந்துண்டிருக்கா’ என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்; சந்தையில் சத்தத்துக்குப் பதில் சத்தம் கொடுத்துப் பழகியவள் நான்.

தங்கள் அலுவலகத்தின் இடைக்கால அறிக்கையில் எழுதியிருப்பதை அவர் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். சிறிய விமானமே தவறு செய்ததாகச் சாட்சிகள் அனைவரும் ஒருமித்துக் கூறினர், விமானி நேரில் வந்து தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார், இழப்பீடும் வழங்கினார். இப்படி இருக்கிறதாம். இழப்பீடு என்று எழுதியிருப்பது டில்லிபாபுவின் தூக்கு.

நான் விடவில்லை. ‘வளைஞ்சது அவங்க தானேம்மா’ என்றேன். ‘வளையலேன்னா என் பொண்ணும் இல்லை, உங்காத்துக்காரரும் இல்லை’ என்றார் அந்த அம்மாள்.

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை ஐயா. இரண்டும் மோதியிருந்தால் எரிந்து விழுவது எங்கே? கீழே வலை விட்டிருந்த படகுகளின் மேல். நான் கரையில் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எடை போட எடுத்த சங்கரா மீன் என் கையிலேயே இருந்தது. அதன்பின் அன்று எனக்கு வியாபாரம் ஓடவில்லை.

6. வானத்து விதியையும் அந்த அம்மாள்தான் சொன்னார். வீட்டில் மகள் அதைத் திரும்பத் திரும்பப் பேசி அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. குறுக்கே வரும் இரண்டில், எதனுடைய வலப்பக்கத்தில் மற்றது தெரிகிறதோ அதுதான் வழிவிட வேண்டுமாம். கரையிலிருந்து கடலுக்குப் போன ஹெலிகாப்டருக்கு, தெற்கிலிருந்து வந்த சிறிய விமானம் வலப்பக்கம். எனவே விலக வேண்டியது ஹெலிகாப்டர். அது விலகாததைக் கண்டு, தமக்கு உரிய வழியை விட்டுக்கொடுத்தவர் நீரஜா. தாங்கள் இதை அறிவீர்கள்; தங்களுக்குப் பாடம் எடுக்க நான் எழுதவில்லை. எங்களுக்கு அது தெரியாது என்பதைப் பதிவு செய்யவே எழுதுகிறேன். ஹெலிகாப்டர் தரப்பில், சிறிய விமானம்தான் திடீரென்று குறுக்கே வந்தது என்று சொல்லியிருக்கிறார்களாம். ஒரு பக்கம் அந்தச் சொல், இன்னொரு பக்கம் இந்தச் சொல் என்று தராசு நின்றிருந்தபோது, எங்கள் குப்பம் மொத்தமும் தவறான தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. அன்று மாலையே தங்கள் அலுவலகத்துக்கு நடந்ததை எழுதித் தெரிவித்தவர் நீரஜாதான். ஹெலிகாப்டர் தரப்பு தானாக ஒரு வரியும் எழுதவில்லை. அவரும் எழுதாமல் இருந்திருந்தால் விசாரணையும் இல்லை, எங்களிடம் யாரும் வந்து கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவர் இன்று வழக்கம்போல் பறந்துகொண்டிருப்பார்.

7. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார். ‘மேல ஏது மேரி வலை? அத்த நான் நெனச்சே பாக்கல’ என்றார். அவர் எதற்கும் கலங்குகிறவர் அல்லர். புயலில் படகு போனபோதுகூட மறுநாள் சீட்டாடப் போனவர். இந்த விஷயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டில்லிபாபு அந்தத் தூக்கைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டார். அதில் சாப்பிட மனம் வரவில்லை என்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்களும் மற்ற படகுக்காரர்களும் மந்தைவெளிக்குப் போனோம். எங்கள் வழக்கப்படி யார் போக வேண்டுமோ அவர்கள்தானே போக வேண்டும். கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் அந்த வீட்டு வரவேற்பறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் வெற்றிலை பாக்குத் தட்டை நீரஜாவின் முன் வைத்தார். அதன் பொருளை நான் சொன்னேன். அவர் உடனே ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். டில்லிபாபு தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தபோது மட்டும் வாங்க மறுத்துவிட்டார். ‘சாப்பாடு கடல்ல போயிடுத்தேன்னு வாங்கினது. தப்புக்காக வாங்கலை’ என்றார். இந்த வாக்கியத்தைத் தங்கள் அறிக்கையில் இழப்பீடு என்ற சொல் இருக்கும் இடத்தில் எழுதிக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

8. இன்னொரு செய்தியும் தங்களுக்குத் தெரிய வேண்டும். சித்திரை மாதக் கடைசியில் அதே கடல்மேல், முகத்துவாரத்துக்கு நேரே, ஒரு ஹெலிகாப்டரும் வேறொரு சிறிய விமானமும் மறுபடியும் மிக நெருங்கிப் போயின. கீழே படகில் இருந்த எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். முன்பு வந்தது போல் அலுவலர்கள் வருவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. மேலே இருந்தவர்கள் யாரும் எழுதித் தரவில்லை போலும். எழுதித் தந்த ஒருவருக்கு என்ன ஆயிற்று என்பது அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்குமே. இந்த மனுவையே அந்தச் சம்பவத்துக்கான தகவலாகவும் ஏற்றுக்கொள்ளவும். யார் வளைந்தார் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். யார் மீது தவறு என்று இம்முறை நாங்கள் சொல்ல மாட்டோம்.

9. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

நாங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சாட்சியமாக வைத்துக்கொண்டு, தவறு யாருடையது என்று நாங்கள் சொன்ன தீர்ப்பை அடித்துவிட வேண்டும். எங்களை மறுபடியும் விசாரிக்க வேண்டுமானால், சொல்லும் நாளில் கடலுக்குப் போகாமல் கரையில் இருப்போம். தங்கள் அலுவலகத்துக்கு வரச் சொன்னாலும் வருவோம். தவறான சாட்சி சொன்னதற்கு எங்கள் மேல் நடவடிக்கை எடுக்க விதி இருந்தால் அதையும் ஏற்கிறோம்.

செல்வி நீரஜா எங்கள் குப்பத்துக்கு வந்தது மனிதர்களுக்கு அடிபட்டதா என்று கேட்க. அதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளாமல், அவர் மீண்டும் பறக்க அனுமதிக்க வேண்டும்.

மேலே இப்படி ஏதாவது நடப்பதைக் கண்டால் கடலில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் யாரிடம் சொல்வது என்பதற்கு, தமிழில் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண் வேண்டும். நாள் முழுதும் வானத்துக்குக் கீழேதான் இருக்கிறோம்.

ஐயா, வெற்றிலை எடுத்தாகிவிட்டதால் எங்கள் வழக்கப்படி இதை நான் இனிப் பேசக்கூடாது. வழக்கத்தை மீறித்தான் இந்த மனுவை எழுதுகிறேன். அன்று மந்தைவெளியில் விடைபெறும்போது, சித்திரையில் நடந்ததை நீரஜாவிடம் சொல்லிவிட்டு, ஒன்று கேட்டேன்: ‘திரும்ப பறக்க உட்டாங்கன்னா, இந்த மாதிரி இன்னொரு வாட்டி நடந்தா எழுதிக் குடுப்பியாம்மா?’

அவர் கையில் இருந்த வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே நின்றார். பிறகு தெரு முனை வரை கூடவே வந்து, எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் போனார்.

எங்களை அவர் மன்னித்துவிட்டார். அதையும் அவருக்கு எதிராக எந்தக் கோப்பிலும் எழுதிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். என் கேள்விக்கு அவரைப் பதில் சொல்ல வைக்க என்னால் முடியாது. தங்கள் உத்தரவைப் படித்த பிறகு அவரே சொல்வார். அந்தப் பதில் எங்களுக்கும் வேண்டும் ஐயா; என் கணவரும் டில்லிபாபுவும் நாளை விடிந்தால் அதே இடத்தில்தான் வலை விடப் போகிறார்கள்.

இடம்: சாந்தோம், சென்னை
நாள்: 16.06.2025

தங்கள் உத்தரவுக்குக் கரையில் காத்திருக்கும்,
சு. லூர்துமேரி (ஒப்பம்)

மேலே கண்டவை எங்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டு, சரி என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறோம்:
சுப்பராயன் (ஒப்பம்)
டில்லிபாபு (இடது பெருவிரல் ரேகை)
மற்றும் படகுக்காரர்கள்